ஆமென் எங்கே போனது?

அண்ணி இறந்து சில நாள் கழித்துப் போதகர் வீட்டுக்கு வந்தார். ஆலயப் பத்திரிகையில் போட அண்ணியைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்றார். பெரியவன், அதாவது அண்ணியின் மூத்த மகன், அன்றைக்கே உட்கார்ந்து எழுதி முடித்தான். பிறந்தது, படித்தது, மூன்றாம் வகுப்பு டீச்சராக வேலையில் சேர்ந்து மூன்றாம் வகுப்பு டீச்சராகவே ஓய்வு பெற்றது, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆலயத்துக்குப் போனது, தொண்ணூறு வயது தாண்டியும் கண்ணாடி இல்லாமல் வேதம் வாசித்தது. வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். ஒன்றும் பொய் இல்லை. ஆனால் கேட்டு முடித்ததும் யாரோ பக்கத்துத் தெரு அம்மாவைப் பற்றிக் கேட்ட மாதிரி இருந்தது.

இவ்வளவு பக்தியான மனுஷி பத்து வருஷத்துக்கு மேல் வீட்டு ஜெபத்தில் ஆமென் சொல்லவில்லை. அது அதில் எங்கே என்று கேட்டேன். அதெல்லாம் எதுக்கு அத்தை என்றான். எதுக்கா? எனக்கு எழுத வராது, அதனால் என் பேத்தியை உட்கார வைத்துச் சொல்கிறேன். போதகர் போடுவதானால் முழுசாகப் போடட்டும், இல்லையென்றால் விட்டுவிடட்டும்.

அண்ணிக்கு நான் நாத்தனார். புருஷன் போனதும் கைக்குழந்தையோடு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அண்ணி என்னைப் பார்த்து அழவில்லை. "நல்ல வேளை வந்தே, நான் ஸ்கூலுக்குப் போனா அடுப்பு அநாதையா கிடக்குது" என்றார். அன்றைக்கு அடுப்படியில் நுழைந்தவள்தான். அவருக்குப் பள்ளிக்கூடம், எனக்கு அடுப்படி. ஒருத்தர் எல்லைக்குள் இன்னொருத்தர் கால் வைத்ததில்லை.

அண்ணன் அச்சாபீஸில் மெஷின்மேன். நாள் முழுக்க அந்த இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்று நின்று ஒரு காது அடைத்துப் போனது. அதனால் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். உப்புக் கேட்டால்கூட சண்டைக்கு வருகிற மாதிரி இருக்கும்.

வீடு சின்னது. முன்னறையில் ஒரு மேசை, சுவரில் ஒரு பலகை, பலகையில் வேதப்புத்தகம். அதற்கு அடுத்து சமையலறை. வாசலில் இரண்டு படி, படிக்குக் கீழே இரும்புக் கேட். திறந்தால் பூனைக்குட்டி மாதிரி கத்தும். எண்ணெய் போடச் சொன்னால், யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று தெரிய வேண்டாமா என்பார் அண்ணன். கேட்காத காதை வைத்துக்கொண்டு.

சாயங்காலம் விளக்குப் போட்டதும் குடும்ப ஜெபம். எல்லோரும் முன்னறையில் பாய் போட்டு உட்கார வேண்டும், கண்ணை மூட வேண்டும். ஜெபம் பண்ணுவது அண்ணி. அது வெறும் ஜெபம் இல்லை, எங்கள் வீட்டுச் செய்தித்தாள். அண்ணி யாரையும் நேரில் திட்ட மாட்டார். சொல்ல வேண்டியதையெல்லாம் ஆண்டவரிடம்தான் சொல்வார், அதுவும் எங்கள் காதில் விழுகிற மாதிரி. ஆண்டவரே, பால் பாத்திரத்து மூடி தானாக நகராது என்று உமக்குத் தெரியும் என்பார். பெரியவன் உதட்டைத் துடைத்துக்கொள்வான். அச்சாபீஸ் முதலாளிக்கு நல்ல புத்தி கொடும், இந்த வீட்டுத் தலைவருக்கு அதைவிடக் கொஞ்சம் கூடவே கொடும் என்பார். ஒரு தடவை, என் நாத்தனார் கையில் பாத்திரங்கள் பத்திரமாக இருக்கட்டும் என்றார். அன்றைக்குக் காலையில்தான் நான் ஒரு பீங்கான் கிண்ணத்தை உடைத்து, சில்லைக் குப்பையில் அடியில் தள்ளியிருந்தேன். எப்படித் தெரிந்ததோ. ஆண்டவர்தான் சொல்லியிருக்க வேண்டும்.

இந்தச் செய்தியில் அதிகம் அடிபட்டது சுண்டு. அண்ணியின் மகள், பெரியவனுக்குத் தங்கை. குறைமாதத்தில் பிறந்தது, சுண்டுவிரல் அளவுதான் இருந்தது, அதனால் அண்ணனே வைத்த பேர் அது. வளர்ந்து என் உயரத்தைத் தாண்டிய பிறகும் சுண்டுதான். படு சேட்டை. ஜெபத்தில் அவள் பங்கு வரும்போது நாங்கள் எல்லோரும் ஒரு கண்ணைத் திறந்து அவள் முகத்தைப் பார்ப்போம். அவளோ சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இன்னைக்கு என்னைப் பத்திக் கொஞ்சம் கம்மிதான்" என்று பிறகு என்னிடம் குறைப்படுவாள்.

நர்ஸ் படிப்பு முடித்து வேலைக்குப் போன இடத்தில், வேறு ஆலயத்துக்காரரான ஒரு பஸ் டிரைவரை அவளுக்குப் பிடித்துப் போனது. அண்ணன் அதற்குள் ஆலயத்தில் எல்லோரிடமும் சொல்லி வேறு இடம் பேசி வைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் வருகிற அன்றைக்குத்தான் சேதி வந்தது, சுண்டு கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் முடித்துவிட்டாள் என்று. அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டாக்டர் வந்து பார்த்து, அவர் மனசு நோகிற மாதிரி ஒன்றும் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

படுத்தபடியே அண்ணன் சட்டம் போட்டார். "யாரும் அவளைப் போய்ப் பாக்கக் கூடாது. கடுதாசி போடக் கூடாது. இந்த வீட்டுக்குள்ள அவ பேரு கேக்கக் கூடாது. பேச்சுல இல்ல, ஜெபத்துலயும் இல்ல."

எல்லோரும் அண்ணியைப் பார்த்தோம். அண்ணி அவர் போர்வையை இழுத்து மூடிவிட்டார். பிறகு "சரி" என்றார்.

அண்ணியின் சரியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். அது லேசில் வராது, வந்தால் லேசில் போகாது. பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை கதை சொல்கிறேன் என்று சரி சொல்லிவிட்டு, தொண்டை கட்டிக்கொண்ட அன்றைக்கும் போய்க் கையை ஆட்டி ஆட்டியே கதை சொல்லிவிட்டு வந்த ஆள். நாங்கள் நினைத்தோம், அண்ணனுக்கு நெஞ்சுவலி தீர்ந்ததும் கோபமும் தீரும் என்று. வலி தீர்ந்தது. மற்றது நெஞ்சிலேயே குடியிருந்தது.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் நான் சொல்ல வந்தது. சாயங்கால ஜெபத்தில் அண்ணி ஒவ்வொருத்தராகச் சொல்லிக்கொண்டு வருவார். அண்ணன், பெரியவன், நான், என் பிள்ளை. அடுத்து சுண்டு வர வேண்டிய இடம். அங்கே வந்ததும் நிறுத்துவார். எழுந்துவிடுவார். ஆமென் கிடையாது. கேட் கத்தும். நாங்கள் கண்ணை மூடிக்கொண்டே உட்கார்ந்திருப்போம், எப்போது திறப்பது என்று தெரியாமல். கடைசியில் அண்ணனே ஒரு ஆமென் போட்டுவிட்டுச் சோறு கேட்பார். கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட் கத்தும், அண்ணி வந்து தட்டு எடுத்துக்கொண்டு உட்காருவார், ஒன்றும் நடக்காத மாதிரி.

ஒரு நாள் இரண்டு நாள் என்றால் பரவாயில்லை. தினமும் இப்படி. எனக்கு மண்டை குடைந்தது. ஜெபத்தை முடிக்காமல் எழுந்து போகிற டீச்சரை யாராவது பார்த்திருக்கிறீர்களா? அவர்தானே ஆலயத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு, ஆமென் சொல்லாத ஜெபம் பொத்தான் போடாத சட்டை மாதிரி என்று சொல்லிக் கொடுக்கிறவர். கேட்டைச் சாத்தப் போகிறாரோ என்று நினைத்தேன், கேட் ஏற்கனவே சாத்தித்தான் இருந்தது. பாதையைப் பார்க்கப் போகிறாரோ, சுண்டு வருகிறாளா என்று? அழத்தான் போகிறாரோ? ஆனால் திரும்பி வரும்போது கண் காய்ந்திருக்கும். பின்னாலேயே போய்ப் பார்க்கலாம் என்றால் அந்த நேரத்தில்தான் அண்ணன் சோறு என்று கத்துவார்.

ஒரு நாள் பாத்திரம் விளக்கும்போது கேட்டே விட்டேன், என்ன அண்ணி ஆமெனை மறந்துட்டீங்களா என்று.

"சொல்லிட்டேனே."

"எப்ப?"

"சொல்ல வேண்டிய எடத்துல."

அதற்கு மேல் வாயைப் பிடுங்க முடியவில்லை. நானும் விடவில்லை. அண்ணனுக்குக் காதுதான் கேட்காதே, மெதுவாகப் பேரைச் சொல்லி ஜெபத்தை முடித்துவிட்டால் என்ன என்று இன்னொரு நாள் கேட்டேன். அவர் தட்டைத் துடைத்துக்கொண்டே, "அவருக்குக் கேக்காது. எனக்குக் கேக்குமே" என்றார்.

இன்னொரு பக்கம் எனக்கு ஒரு ரகசியம் இருந்தது. தெருமுனைக் கடையில் போன் உண்டு. கடைக்காரர் நல்ல மனுஷன். நான் சாமான் வாங்கப் போகிற நேரம் பார்த்துச் சுண்டு தூரத்து ஊரிலிருந்து அதில் கூப்பிடுவாள். கடிதம் போடக் கூடாது, போய்ப் பார்க்கக் கூடாது என்றாரே தவிர அண்ணன் போனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதோடு நான் சரி என்றும் சொல்லவில்லை. எடுத்ததும் அவள் நலம் விசாரிக்க மாட்டாள். முதல் கேள்வியே, "அத்தை, ஜெபத்துல என் பேரு வந்துச்சா?" என்பதுதான்.

நான் பொய் சொல்லியிருக்கலாம். அண்ணியோடு இருந்து இருந்து எனக்கும் பொய் வராத வியாதி ஒட்டிக்கொண்டது. வரலைம்மா என்பேன். ஒரு தடவை சொன்னாள்: "அப்பா கோவம் எனக்குப் புரியுது. அம்மா என்னை ஜெபத்துல திட்டியிருந்தாக்கூடப் போதும் அத்தை. திட்டுனா நம்ம வீட்டு ஆளுன்னு அர்த்தம். ஒண்ணுமே சொல்லலைன்னா நான் இல்லவே இல்லைன்னுதானே?" அம்மா தன் பேரைச் சொல்கிறவரைக்கும் அந்த வாசலை மிதிப்பதில்லை என்று அவளும் முடிவு கட்டிவிட்டாள். அவளுக்குப் பிள்ளை பிறந்தது, அது நடந்தது, பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தது. எல்லாம் எனக்குக் கடைப் போனில் தெரிந்தது. வீட்டுக்குள் வந்து யாரிடமும் சொல்ல முடியாது. வாயை மூடிக்கொண்டு அரிசி களைவேன்.

இப்படியே போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் சுண்டு கூப்பிட்டாள். வழக்கமான கேள்வி வரவில்லை. அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே எனக்குப் பிடிபடவில்லை.

அவள் பிரசவ வார்டில் நர்ஸ். அன்றைக்கு மத்தியானம் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்திருக்கிறது. முதல் பிரசவம், சின்ன வயசு, எங்கள் ஊரில் பிறந்து அங்கே வாழ்க்கைப்பட்டவள். பயத்தில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னமோ முணுமுணுத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். சுண்டு முகத்தைத் துடைத்துவிடக் குனிந்தபோது அது காதில் விழுந்திருக்கிறது.

"ஆண்டவரே, எங்க கைக்கு வேலையும் வாய்க்கு உண்மையும் தாரும். சுண்டு எங்கே இருந்தாலும் அவளுக்கு நல்ல சாப்பாடும் நல்ல தூக்கமும் தாரும். ஆமென்."

முடித்ததும் மறுபடி முதலிலிருந்து. சுண்டுவுக்குக் கையில் இருந்த துணி கீழே விழுந்துவிட்டது. சுண்டு யாரு என்று கேட்டிருக்கிறாள்.

"தெரியாது சிஸ்டர். மூணாங்கிளாஸ்ல எங்க டீச்சர் தினம் சொல்ல வைப்பாங்க. நாங்க அந்த மதம் இல்ல. எனக்கு இந்த ஒரு ஜெபம்தான் தெரியும்."

ஜெபம் என்றாலே அதில் ஒரு சுண்டு வரும் போலிருக்கிறது என்று அந்தப் பெண் நினைத்திருக்கிறாள். வகுப்பில் ஆளுக்கு ஒன்று சொல்வார்களாம். சுண்டு டீச்சர் வீட்டு நாய், ஓடிப் போய்விட்டது என்று ஒருத்தி. ரொம்ப நாளாகக் காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளை என்று இன்னொருத்தி. அன்றைக்கு வலிக்கு நடுவிலும் இவள் கேட்டாளாம், அந்தப் பிள்ளைக்கு உடம்பு சரியாகியிருக்குமா சிஸ்டர் என்று.

"நீ என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

"இப்பதான் சரியாச்சுன்னு சொன்னேன் அத்தை."

கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

ஆனாலும் நான் சந்தேகப் பிராணி. என் காதால் கேட்டால்தான் நம்புவேன். மறுநாள் காலையில் அடுப்பை அணைத்துவிட்டு, அண்ணி கிளம்பிப் போன பின்னாலேயே போனேன். அந்த மிஷன் பள்ளிக்கூடத்துக்கு அதுவரை நான் போனதே இல்லை. நீளமான ஓட்டுக் கட்டடம், முன்னால் மண் முற்றம், குழாயடியில் தண்ணீர் தேங்கி நின்றது. மூன்றாம் வகுப்பு எது என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை, அண்ணியின் செருப்பு ஒரு கதவுக்கு வெளியே கிடந்தது. ஜன்னலுக்குக் கீழே சுவரோரமாக ஒதுங்கினேன். உள்ளே பிள்ளைகள் சந்தை மாதிரி இரைந்தார்கள். மணி அடித்தது. பெஞ்சுகள் தரையில் உரசின, எல்லோரும் எழுந்து நின்ற மாதிரி இருந்தது. அப்புறம் அண்ணியின் குரல், ஒவ்வொரு வரியாக. பிள்ளைகள் பின்னால். கைக்கு வேலை, வாய்க்கு உண்மை. சுண்டு எங்கே இருந்தாலும் என்று அத்தனை குஞ்சு குளுவானும் ஒரே சத்தமாகச் சொன்னார்கள்.

கடைசியில் ஆமென். பத்து வருஷமாக எங்கள் வீட்டில் காணாமல் போன ஆமென், ஜன்னல் வழியாக வந்து என் தலையில் விழுந்தது.

அப்போதுதான் கேட் விஷயமும் எனக்கு உறைத்தது. இந்த வீட்டுக்குள் அவள் பேர் கேட்கக் கூடாது என்றுதானே அண்ணன் சொன்னார். அண்ணி அதற்குத்தான் சரி சொன்னார். காலையில் பள்ளிக்கூடம், சாயங்காலம் கேட்டுக்கு வெளியே தெரு. இரண்டும் வீடு இல்லையே. மகள் பேரைச் சொல்லாமல் அண்ணியால் ஜெபத்தை முடிக்க முடியாது. அதனால் முடிக்கிற இடத்தை வெளியே கொண்டு போய்விட்டார்.

மத்தியான இடைவேளை வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அண்ணி வெளியே வந்தவர் என்னைப் பார்த்து, வீட்டில் யாருக்கு என்ன ஆச்சு என்று பதறினார். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "ஊர்ப் பிள்ளைங்க வாயில எல்லாம் போட்டு வெச்சிருக்கீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அண்ணி?"

"நீ எப்பப் பாத்தாலும் வீட்டுக்குள்ளயே இருக்கே," என்றார் அண்ணி. "எங்க வெச்சுச் சொல்றது?"

குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய், போன் கதை, பிரசவ வார்டு கதை எல்லாவற்றையும் கொட்டினேன். அண்ணி சுண்ணாம்புக்கட்டித் தூசி படிந்த கையைக் கழுவ மறந்து அப்படியே நின்றார். பேரப்பிள்ளை உண்டு என்பதைக்கூட அப்போதுதான் கேட்கிறார். எவ்வளவோ கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"அவ நல்லாத் தூங்குறாளா?"

போய்ப் பார்க்கலாம் என்று கூப்பிட்டேன். போவதில்லை என்று சொல்லியிருக்கிறேன் என்றார். ஆளை அசைக்க முடியாது. சரி, இந்த மலை நகராது, அந்த மலையை நகர்த்துவோம் என்று கடைக்குப் போய்ச் சுண்டுவுக்குப் போன் போட்டேன். விளக்கு வைத்து ஜெபம் முடிகிற நேரத்துக்குக் கேட்டுக்கு வெளியே வந்து நில், மற்றது தானாக நடக்கும் என்றேன். அவளும் முரண்டு பிடிக்கவில்லை. அவள் கேட்ட பேர்தான் ஊர் முழுக்க வந்துவிட்டதே.

அந்த வாரக் கடைசியில் வந்தார்கள். எனக்கு அன்றைக்கு ஜெபத்தில் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. அண்ணன், பெரியவன், நான், என் பிள்ளை. நிறுத்தினார். எழுந்தார். கேட் கத்தியது. அண்ணன் வழக்கம்போல ஆமென் போட்டு, சோறு என்றார். நான் எழுந்திருக்கவில்லை. மறுபடி கத்தினார். கேட் மட்டும் திரும்பக் கத்தவே இல்லை. என்னடா இது என்று அவரே எழுந்து வாசலுக்குப் போனார். நான் பின்னால்.

தெருவில் அண்ணி சுண்டுவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் டிரைவர், ஒரு பையைத் தூக்கிக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காலைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் குழந்தை. அண்ணி திரும்பி மேல்படியில் நிற்கிற அண்ணனைப் பார்த்தார்.

"நான் சொன்ன சொல்லு மீறலை," என்றார். "இது வெளிய."

அண்ணன் மகளைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். அதுவும் சுண்டுவிரல் மாதிரிதான் இருந்தது. எனக்கு அவர் நெஞ்சை நினைத்துப் பயம். பிறகு தெருவே திரும்பிப் பார்க்கிற அந்த மெஷின் குரலில் சொன்னார்:

"பேரைத்தான் உள்ள விடக் கூடாதுன்னேன். ஆளு வரக் கூடாதுன்னு யாரு சொன்னா?"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நல்ல பொருத்தம் பாருங்கள். ஒருத்தர் போட்ட சட்டத்தில் இன்னொருத்தர் ஓட்டை கண்டுபிடித்தார், கடைசியில் போட்டவரே அதன் வழியாகப் புகுந்துவிட்டார்.

அன்றைக்குச் சாப்பிடும்போது அண்ணன் மகளை, ஏய் நர்சு, கொஞ்சம் தண்ணி எடு என்றுதான் கூப்பிட்டார். மறுநாள் ஜெபம். அண்ணி அதே இடத்துக்கு வந்து நிறுத்தினார். எழுந்திருக்கக் காலை ஊன்றினார்.

"உக்காரு," என்றார் அண்ணன், கண்ணைத் திறக்காமலே. "சுண்டுன்னு சொல்லி முடி. சோறு ஆறுது."

அண்ணி சொன்னார். ஆமெனும் சொன்னார். சொல்லும்போது குரல் உடைந்ததா என்று கேட்கிறாள் என் பேத்தி. உடையவில்லை. நேற்று நான் விளக்காமல் போட்ட சட்டியைப் பற்றியும் ஆண்டவரிடம் ஒரு வார்த்தை போட்டுவிட்டுத்தான் முடித்தார்.

அதன் பிறகு அண்ணி வெகு காலம் இருந்தார். ஓய்வு பெற்றார், அண்ணனை அடக்கம் பண்ணினார், பேரப்பிள்ளைகளுக்குக் கல்யாணம் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் அந்த ஜெபத்தை மட்டும் மாற்றவே இல்லை. அதான் வந்துட்டாளே, இன்னும் ஏன் சுண்டு எங்கே இருந்தாலும் என்று கேட்டேன். பிள்ளைங்களுக்குப் பழகிப் போச்சு என்றார். அதுதான் காரணமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அடக்கத்தன்று ஆலயம் கொள்ளாத கூட்டம். போதகர் ஜெபித்து முடித்தார். அப்போது பின்வரிசையில் யாரோ மெதுவாக, கைக்கு வேலையும் வாய்க்கு உண்மையும் என்று ஆரம்பித்தார்கள். அப்படியே பக்கத்தில் பரவியது. ஆலயத்துக்கு வந்தே பழக்கமில்லாதவர்கள்கூட, நரைத்தவர்கள், தொப்பை போட்டவர்கள், இடுப்பில் பேரப்பிள்ளை வைத்திருந்தவர்கள், வகுப்பில் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்கள். சுண்டு எங்கே இருந்தாலும் என்று வந்ததும் போதகர் திகைத்துப் போய் என்னைப் பார்த்தார்.

வெளியே வந்ததும் மர அறுப்பு மில்லில் வேலை பார்க்கும் ஒரு பெரிய மீசைக்காரர் என்னிடம் வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார். "அம்மா, நீங்க டீச்சர் வீடுதானே? இவ்வளவு வருஷமாக் கேக்கணும்னு இருந்தேன். அந்தச் சுண்டுங்கறது யாரு?"

நான் மரத்தடியைக் காட்டினேன். அங்கே சுண்டு, தலை முழுக்க நரைத்து, மூக்குக்கண்ணாடி நழுவ, இத்தனை பேருக்கு இவ்வளவுதான் டீயா என்று டீக்காரரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

மீசைக்காரர் வெகு நேரம் பார்த்தார்.

"அவ்வளவு பெரியவங்களா?" என்றார்.